சத்தம் போடாத கட்டில்

— அந்த எண்ணெப் போத்தல கீழ வைங்க. இன்னொரு தடவ அதத் தொட்டீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்கு நடந்தே போயிருவேன்.

— கொடகவெலைக்கு நடந்தா நாளைக்குத்தான் போய்ச் சேருவ, ஜீவராணி.

— பரவால்ல. போன தடவ கட்டில் சந்துல தேங்காயெண்ணெ ஊத்துனது நீங்க. பீலிக்கரையில பதில் சொன்னது நான். வெள்ள பெட்சீட்டுல உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெக் கறை. சுப்பம்மா அக்கா அத விரிச்சுப் பாத்துட்டு, ஏண்டி, ஒம் புருசன் எண்ணெய தலைக்குத் தேய்க்கிறானா கட்டிலுக்குத் தேய்க்கிறானான்னு கேட்டாங்க. தண்ணி புடிக்க நின்ன அத்தன பொம்பளைங்களும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?

— ஹரி ஹரி, சரி. எண்ணெ வேணாம். கிரீஸ் கொண்டாந்திருக்கேன், பாரு. ஸஹாப்தீன் நானா கடையில வாங்குனது.

— கிரீஸா?

— மரம் சத்தம் போடுது, என்ன போடலாம்னுதான் கேட்டேன். நானா கண்ணாடிய எறக்கிட்டு, கட்டிலா கதவான்னு கடை முழுக்கக் கேக்குற மாதிரி கேக்குறாரு. நம்ம தோட்டத்துக் கணக்கப்புள்ள வேற ஆணி வாங்க நிக்கிறாரு. நான் என்னத்தச் சொல்ல?

— கதவுன்னு சொன்னீங்களாக்கும்.

— கதவுன்னுதான் சொன்னேன்.

— அதான் கீலுக்குப் பூசுறதக் குடுத்துட்டாரு. தார் மாதிரி இருக்கு. இதப் பூசினா மெத்த, தலகாணி, என் சீல, ஒங்க சாரம் எல்லாம் கறுப்பாயிரும். எண்ணெய்க்கே அந்தச் சிரிப்பு சிரிச்சாங்க. இதுக்கு லயத்து வீட்ட விட்டே ஓடணும்.

— அப்ப ஒட்டுப்பால்...

— அந்தப் பேச்ச எடுக்காதீங்க. ரப்பர் ஸ்டோருல வேல செய்யிற ஒங்களுக்கு ஒலகத்துல எல்லாத்துக்கும் ரப்பர்தான் மருந்து. மரத்துல வடிஞ்சு காஞ்ச ஒட்டுப்பாலச் சந்துல சொருகி வச்சீங்க. ரெண்டு நாள்ல காம்பரா பூரா நாத்தம். ஒங்கம்மா எலி செத்துப்போச்சுன்னு அரிசிச் சாக்கு, துணிப்பெட்டி, சாமிப்படம் எல்லாத்தையும் வாசல் இஸ்தோப்புல எடுத்துப் போட்டாங்க. மாமியோட சேந்து நானும் எலி தேடுனேன்.

— சத்தம் கொறஞ்சுச்சுல்ல?

— எங்க கொறஞ்சுச்சு? முன்னால கீச்சுன்னுச்சு, அதுக்கப்புறம் கீச்சு சொய்ங்குன்னுச்சு. சும்மா நிக்காம அந்த மெத்தையப் புடிங்க. காதுகுத்துக்குப் போன மாமியும் மாமாவும் பலாங்கொடையில இருந்து கடைசி பஸ்ஸுலதான் வருவாங்க. லயத்துச் சனம் பூரா கன்னையா அண்ணன் வீட்டுல டிவி பாக்குது. படம் ஓடுற வரைக்கும் நாம தட்டுனாலும் கொட்டுனாலும் யாருக்கும் கேக்காது. இப்ப விட்டா இன்னொரு காதுகுத்து வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

— செவுத்தோரமா சாய்ச்சு வையி. ஹரி. இப்ப என்ன போடப் போற?

— மெழுகுவத்தி.

— மெழுகுவத்தியா? கட்டிலுக்கு வெளக்கா ஏத்தப் போற?

— சிரிங்க. தீவாளிக்கு வீட்டுக்குப் போனப்ப, இந்தக் கட்டிலச் செஞ்ச தச்சு பாஸ்கிட்ட எங்கம்மாவ விட்டுக் கேட்டேன். அலுமாரி லாச்சிய இழுத்தா சத்தம் போடுதுன்னுதான் கேக்கச் சொன்னேன். நானும் ஒங்கள மாதிரித்தான், கட்டிலுன்னு வாய் வரல. தெல் எபான்னாராம் அந்த மனுசன், எண்ணெ கூடவே கூடாதாம். மரம் எண்ணெயக் குடிச்சிட்டுப் பொறவு துணியில கக்கிக்கிட்டே இருக்குமாம். காஞ்ச மெழுகத் தேச்சா சத்தமும் வராது, கறையும் புடிக்காதாம். அதுவும் வெள்ள மெழுகுதான், கலர் மெழுகு சாயம் விடும்.

— எத்தன வச்சிருக்க?

— சாமிப்படத்துக்குப் பின்னால கரண்டு போனா ஏத்த வச்சிருந்தத எடுத்துட்டேன். மொதல்ல எங்க சத்தம் வருதுன்னு பாப்போம். அந்த மூலையில ஒக்காருங்க. இல்ல, கால்மாட்டுப் பக்கம். அசைங்க.

— இங்க ஒண்ணும் இல்ல.

— இந்தப் பக்கம் வாங்க. அசைங்க. இன்னும் கொஞ்சம்.

— இருக்கு. தலைமாட்டுல, செவுத்துப் பக்கம். நான் படுக்குற பக்கம்தான்.

— எனக்கு அது எப்பவோ தெரியும். நீங்க தூக்கத்துல பொரளும்போதெல்லாம் அந்த மூலைதான் கத்தும். நைட்டு பூரா பொரளுவீங்க. கட்டில் விடிய விடிய கத்தும். பக்கத்துல கேக்குறவங்க என்ன நெனப்பாங்க?

— என்ன நெனப்பாங்க?

— தெரியாத மாதிரி கேக்குறீங்க. அந்த ஸ்பேனர எடுங்க. நட்டக் கழட்டுங்க.

— கை முழுக்க கிரீஸா இருக்கு, வழுக்குது.

— அந்தக் கையோட சட்டத்தத் தொட வேணாம். அடுப்புச் சாம்பல் கொண்டாந்து வச்சிருக்கேன், அதுல போட்டு நல்லாத் தேய்ங்க. ம், இப்ப துணியில தொடச்சுட்டுத் திருப்புங்க.

— கழண்டுருச்சு. இங்க பாத்தியா, சட்டம் காலுக்குள்ள போற எடம் பளபளன்னு தேஞ்சு கெடக்கு. மரமும் மரமும் ஒரசியிருக்கு.

— பச்ச மரம். கல்யாணத்துக்கு நாள் வச்சுட்டாங்கன்னு எங்கப்பா அவசரமா பின்னால நின்ன பலாவ வெட்டிட்டாரு. காய விடல. இது காய்ஞ்சு சுருங்கிச் சந்து விட்டுப்போச்சு. எம் புள்ள தரையில படுக்கக் கூடாதுன்னு செஞ்சு குடுத்தாரு. அவருக்கு எப்படித் தெரியும், எம் மானத்த வாங்கும்னு. இந்தாங்க, சீவிக் குடுத்திருக்கேன், சந்துக்குள்ள தேய்ங்க. அழுத்தித் தேய்ங்க.

— நீ கட்டிலத் திட்டுற மாதிரி இல்ல. என்னயத் திட்டுற மாதிரி இருக்கு.

— ரெண்டு பேரையும்தான் திட்டுறேன். இது ஒரு தடவ கீச்சுன்னா போதும், நீங்க அப்படியே மரக்கட்டையாயிருவீங்க. அந்தப் பக்கம் சுப்பம்மா அக்கா இருமுவாங்க. இந்தப் பக்கம் மாமா தொண்டையச் செருமுவாரு. நீங்க கைய எடுத்துட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிக்குவீங்க. திரும்பும்போது இன்னொரு கீச்சு.

— நான் என்ன செய்ய, ஜீவா? செவுரு ஆள் ஒசரத்தோட நின்னுபோச்சு. அதுக்கு மேல கூரை வரைக்கும் வெறும் காத்து. வெள்ளக்காரன் கட்டும்போதே அப்படிக் கட்டிட்டான். நான் மூச்சு விட்டாலே சுப்பம்மா அக்காவுக்குச் சளியா காச்சலான்னு தெரிஞ்சிரும்.

— தரையில பாய் விரிக்கலாம்னு நான் சொன்னேன்.

— விரிச்சோம்ல?

— ஒரே நாள் விரிச்சோம். காலையில மாமி தேத்தண்ணி கொண்டாந்து குடுக்க வந்தவங்க, பாயப் பாத்துட்டு, கட்டில் இருக்கத் தரையில படுத்திருக்காங்க, புள்ளைங்களுக்குள்ள சண்டைன்னு லயம் பூராச் சொல்லிட்டாங்க. காலையில வேல பிரிக்கிற பெரட்டுல கங்காணி எனக்குப் புத்தி சொல்றாரு, புருசங்கிட்ட அனுசரிச்சுப் போம்மான்னு. பால் வெட்டுற கத்தியக் கையில வச்சுக்கிட்டு நான் தலையாட்டுறேன்.

— அப்புறம் ரேடியோ போட்டுப் பாத்தோம்.

— ஆமா, ஆமா. ராத்திரி நியூஸுல சமாதானப் பேச்சு, சமாதானப் பேச்சுன்னு ஒருத்தன் சொல்லிக்கிட்டே இருந்தான். மாமா அந்தப் பக்கத்துல இருந்து, டேய் நிரஞ்சா, அத அணைச்சிட்டுப் படுடான்னாரு. நீங்க அணைச்சிட்டுப் படுத்துட்டீங்க.

— சிரிப்பு வருது.

— எனக்கு வரல. கல்யாணம் முடிஞ்சு ரெண்டாவது தீவாளியும் போயிருச்சு. விசேசம் ஒண்ணும் இல்லையா, விசேசம் ஒண்ணும் இல்லையான்னு பாக்குறவங்க எல்லாம் எம் வயித்தத்தான் பாக்குறாங்க. ஒங்க வயித்த யாரும் பாக்கல.

— அம்மா ஏதும் சொல்லுச்சா?

— ஒங்களுக்குத் தெரியாதா? தை வரைக்கும் பாப்பேன், அதுக்குள்ள நீ முழுகாம இருக்கணும், இல்லன்னா எம் மகனுக்கு நான் வேற வழி பாத்துக்குவேன்னு அடுப்படியில வச்சே சொன்னாங்க. வேற வழின்னா யாருன்னு எனக்குத் தெரியும். ஒங்க மாமா மக லோஜினிய இன்னும் ஏன் கட்டிக் குடுக்காம வச்சிருக்காங்க? இன்னிக்குக் காதுகுத்துன்னு அந்த வீட்டுக்குத்தான் போயிருக்காங்க. என்ன பேசிட்டு வர்றாங்களோ.

— அம்மா சும்மா சொல்லும். மனசுல ஒண்ணும் இருக்காது.

— மனசுல ஒண்ணும் இல்லாமத்தான் என்னய மலடின்னு சொல்றாங்களா? அன்னிக்கு அந்த வார்த்தைய சொல்லும்போது நீங்க இஸ்தோப்புல நின்னு சப்பாத்து தொடச்சுக்கிட்டு இருந்தீங்க. ஒங்களுக்குக் கேட்டுச்சு. கை நின்னுச்சு, நான் பாத்தேன். அப்புறம் திரும்பத் தொடைக்க ஆரம்பிச்சீங்க.

— என்னன்னு சொல்லச் சொல்ற? பெத்த தாய்கிட்ட போய், அவ மலடி இல்லம்மா, எங்களுக்குள்ள இன்னும் சரியா ஒண்ணும்... அது தாய்கிட்ட பேசுற பேச்சா?

— அப்ப தனி வீடாவது கேளுங்கன்னேன்.

— கேட்டேன்ல. கணக்கப்புள்ளகிட்ட ரெண்டு தடவ கேட்டேன். புள்ள இல்லாத குடும்பத்துக்கு இப்ப காம்பரா கெடையாதாம். புள்ள பொறந்தா மொத ஆளா குடுக்குறேன், சீக்கிரம் வேலையப் பாரு தம்பின்னு சிரிக்கிறாரு.

— வீடு கெடைக்கப் புள்ள வேணும். புள்ள பொறக்க வீடு வேணும். நல்லா இருக்கு. எங்க ஓடுனாலும் இந்தக் கட்டில்ல வந்துதான் முட்டணும்.

— அழாத. யாராச்சும் வந்தா என்ன ஏதுன்னு கேப்பாங்க.

— அழக்கூட எடமில்ல. சரி, அந்தப் பக்கச் சந்துலயும் தேய்ங்க. குறுக்குப் பலகைய எல்லாம் நான் தூக்குறேன், பலகை சட்டத்துல ஒக்கார்ற எடத்துலயும் தேய்க்கணும். அங்கதான் மெத்த படும். பழைய வேட்டியக் கிழிச்சு வச்சிருக்கேன், அத மடிச்சு அடியில குடுங்க. சைக்கிள் டியூபு வேணாம், அது கறுப்பு ஒட்டும்.

— இதையும் பாஸ்தான் சொன்னாரா?

— இது நானே யோசிச்சேன். ரெண்டு வருசமா முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன், யோசிக்க நேரம் இருந்துச்சு.

— ஹரி. மாட்டியாச்சு. நட்ட முறுக்கிட்டேன்.

— ரொம்ப முறுக்க வேணாம், மரம் வெடிச்சிரும். போதும். ஒக்காருங்க.

— ஒக்காந்துட்டேன்.

— பொரளுங்க. ஒங்க பக்கத்துக்குப் போய்ப் பொரளுங்க.

— ம்.

— இன்னும்.

— ஜீவா.

— என்ன?

— ஒண்ணுமே கேக்கல.

— இருங்க, நானும் ஒக்காருறேன்.

— அசைஞ்சு பாரு.

— கேக்கல.

— கேக்கலடி. கன்னையா வீட்டு டிவியில சண்ட நடக்குறது கேக்குது. மழத் தண்ணி ஒழுகுறது கேக்குது. இது மட்டும் கேக்கல.

— எம் மூஞ்சிய ஏன் அப்படிப் பாக்குறீங்க?

— பகல் வெளிச்சத்துல ஒன்ன இவ்வளவு கிட்டத்துல பாத்ததில்ல.

— பாத்தது போதும். எந்திரிங்க. தரையில மெழுகுத் துருவல் கெடக்கு, மாமி வந்தா என்னன்னு கேப்பாங்க. கூட்டி அள்ளி அடுப்புல போடணும். அந்தா, படம் முடிஞ்சிருச்சு, சனம் வருது. மெத்தையப் புடிங்க.

— ஜீவா, இனிமே எல்லாம் சரியாயிரும்.

— சரியாகணும். மெத்தையப் புடிங்க.

*

— நிரஞ்சா, ஸ்டோருல இருந்து வந்ததும் எங்கயும் போயிறாத. இங்கன இஸ்தோப்புல ஒக்காரு. ஒரு பேச்சு இருக்கு.

— என்னம்மா? ஜீவராணி எங்க?

— ஒம் பொண்டாட்டி பீலிக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள பேசிரணும். நான் ஒண்ணும் சொல்லலப்பா, நடக்குறதத்தான் கேக்குறேன். அவளோட ஒனக்கு மனசு விட்டுப்போச்சா?

— யாரு சொன்னா அப்படி? நல்லாத்தான் இருக்கோம். இந்த ஒரு கெழமையா அவ மொகத்த நீங்க பாக்கலயா?

— பாத்தேன். பால் வெட்டப் போகும்போது பாட்டுப் பாடிக்கிட்டுப் போறா. அதுவும் எனக்குப் பயமா இருக்கு. புருசன் ஒதுக்கி வச்ச பொண்ணு பாட்டுப் பாடுனா அது வேற மாதிரி போயிரும்.

— நான் எங்கம்மா ஒதுக்கி வச்சேன்?

— நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு வயசாயிருச்சு, தூக்கம் வராது. கண்ணு மங்கிப்போச்சு, காது மட்டும் நல்லாக் கேக்குது. நீ கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அந்தக் கட்டில் சத்தம் கேக்கும். ஒங்கப்பா, என்னடி இது எழவுன்னு தொண்டையச் செருமுவாரு. நான்தான் சும்மா இருங்கன்னு சொல்லுவேன். சின்னஞ்சிறுசுக நல்லா இருக்குன்னு நெனச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன். வயிறு தெறக்கலன்னாலும், எம் மகன் அவ மேல ஆசையாத்தான் இருக்கான்னு ஒரு நிம்மதி.

— அம்மா, அந்தப் பேச்ச விடுங்க. சுப்பம்மா அக்கா வீட்டுல ஆள் இருக்கு.

— இருந்தா இருக்கட்டும். போன ஞாயித்துக்கிழம காதுகுத்துல ஒங்க சண்முகநாதன் மாமா என்னயத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாரு. லோஜினிய இன்னும் எத்தன நாளைக்கு நான் வச்சிருக்கிறது, நிரஞ்சனுக்குக் குடுத்தா அவன் பஜார்ல எங் கடையிலயே நின்னுக்கலாம், ஒரு முடிவச் சொல்லு பரிமளம்னாரு. நான் முடியாதுன்னுட்டேன்.

— முடியாதுன்னீங்களா?

— ஆமாப்பா. தைக்கு வேற வழி பாப்பேன்னு ஜீவராணிகிட்ட சொன்னதெல்லாம், அந்தப் புள்ள கோயிலுக்கு நேந்துக்கட்டும், வைத்தியர்கிட்ட போகட்டும்னு ஒரு மெரட்டல்தான். எங்க அண்ணன்கிட்ட, எம் மகன் அவளோட குடும்பம் நடத்துறான், ஆசையாக் குடும்பம் நடத்துறவன நான் பிரிச்சா பாவம் என்னயத்தான் வந்து சேரும்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்தேன்.

— அம்மா...

— கேளு. வந்து படுத்தேன். சத்தம் இல்ல. சரி, களைப்பா இருக்கும்னு நெனச்சேன். அடுத்த நாளும் இல்ல. அதுக்கடுத்த நாளும் இல்ல. ஒரு கெழமையா நானும் விடிய விடிய முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்குறேன். ஒரு கீச்சுக் கூடக் கேக்கல. சுப்பம்மாவும் பீலிக்கரையில கேட்டுட்டா, என்ன பரிமளம், ஒம் மகன் வேற எங்கயும் படுக்குறானான்னு.

— அதுக்கு நீங்க என்னம்மா சொன்னீங்க?

— என்னத்தச் சொல்ல? நீயே விட்டுட்ட பொறவு நான் எதுக்கு அவளுக்காகச் சண்ட புடிக்கணும்? முந்தாநாள் கன்னையா பலாங்கொடைக்குப் போனான். அவன்கிட்ட எங்க அண்ணன வரச் சொல்லி அனுப்பிட்டேன். சாயங்கால பஸ்ஸுல லோஜினியையும் கூட்டிக்கிட்டு வர்றாங்க. ஜீவராணியோட அப்பாவையும் வரச் சொல்லியிருக்கேன், பேசி, மரியாதையா அனுப்பிரலாம். கட்டிலயும் குடுத்தனுப்பிரலாம், அவங்க வச்ச பொருள் நமக்கு வேணாம்.

— ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாம்மா எங்கிட்ட?

— இப்பத்தான் கேக்குறேனே. சொல்லு. ஒனக்கும் அவளுக்கும் என்ன?

— அது... அப்படி இல்லம்மா. நீங்க நெனக்குற மாதிரி இல்ல. சத்தம் வரலன்னா... அது வந்து...

— சொல்லுப்பா.

— ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லன்னாதான் நானும் சொல்றேன். அந்தா, அவளும் கொடத்தோட வர்றா. ஜீவராணி, கொடத்த எறக்கி வச்சுட்டு முகத்தக் கழுவு. ஒங்கப்பா வர்றாரு.

— எல்லாம் கேட்டுச்சு மாமி. படியில நிக்கும்போதே கேட்டுச்சு. இங்க யாரு பேசுனாலும் எல்லாருக்கும் கேக்கும்ல. இந்தாங்க, ஒங்கம்மா ஒங்ககிட்டத்தான் கேக்குறாங்க. சொல்லுங்க.

— ஜீவா, உள்ள போ. நான் அப்புறமா சொல்லிக்குறேன்.

— பஸ் வந்துரும். அப்புறம் எப்ப சொல்லுவீங்க?

— எப்படிச் சொல்றது, நீயே சொல்லு. சண்முகநாதன் மாமா வரட்டும், அவரு வந்து தேத்தண்ணி குடிச்ச பொறவு, மெல்லப் பக்குவமா...

— தேத்தண்ணி நான் போடணுமா, இல்ல லோஜினி வந்து போடுவாளா?

— ஏ புள்ள, சத்தத்தக் கொற. சுப்பம்மா செவுத்துக்கு அந்தப் பக்கம் காதக் குடுத்துக்கிட்டு நிக்கிறா.

— நிக்கட்டும் மாமி, நாலு லயத்துக்கும் கேக்கட்டும்: அந்தக் கட்டில் கத்துன ரெண்டு வருசமும் ஒங்க மகன் எனக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தான் படுத்திருந்தாரு, மெழுகு தேச்சு அதோட வாய அடைச்ச இந்த ஒரு கெழமையாத்தான் நான் அவரோட குடும்பம் நடத்துறேன்.